தண்ணி லாரி கொதித்த ஊர்

திருப்பூரில் 1990-களில் எந்த ரோட்டில் நின்றாலும் அடுத்து வருவது தண்ணி லாரியாகத்தான் இருக்கும். பல்லடம் ரோடு, தாராபுரம் ரோடு, காங்கயம் ரோடு, மங்கலம் ரோடு என்று எல்லாத் திசையிலிருந்தும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைகளுக்கு ஓடும். ஒரு நடைக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் லிட்டர். டேங்கைச் சுமந்தவை பெரும்பாலும் வெளியூர் பாரத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய பழைய லேலண்ட் காமெட், பழைய டாடா. வெயில் ஏறினால் போதும், அவற்றில் ஏதாவது ஒன்று ரோட்டோரம் பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு ஆவி கக்கி நிற்கும். முதுகில் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கும். முன்னால் இருபது, இருபத்தைந்து லிட்டர் பிடிக்கிற ரேடியேட்டர் வறண்டு கிடக்கும்.

கிளீனர் பையன் பின்னால் போய் டேங்க் வால்வைத் திருகி ஒரு கேன் பிடித்து வந்து ஊற்றுவான். வண்டி கிளம்பிவிடும். அடுத்த நாள் அதே இடத்தில், அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, மறுபடியும் நிற்கும். எந்தத் தண்ணீரை ஊற்றி வண்டியைக் காப்பாற்றினானோ அந்தத் தண்ணீர்தான் வண்டியைக் கொன்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் லாரி வைத்துப் பிழைத்தவர்களுக்கு இது புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. இன்று எங்கள் ஷெட்டில் நிற்கிற பழைய டாடா 407-க்கு ஒரு சொட்டு போர்த் தண்ணீர்கூட நான் ஊற்ற விடுவதில்லை.

எங்கள் தாய்மாமா காமெட் ஓட்டினார். சொந்த வண்டி. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் வண்டிகள் அந்தக் காலத்தில் கொங்கு நாட்டு ரோடுகளில் நிறைய. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரி செய்ய இறங்கிய டாடா மறுபக்கம். டீக்கடை பெஞ்சில் லேலண்ட்காரரும் டாடாக்காரரும் எதில் தொடங்கிச் சண்டை போட்டாலும், எந்த வண்டி சீக்கிரம் கொதிக்கும் என்பதில் வந்துதான் நிற்பார்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் மாமாவோடு ஏறிவிடுவேன். பனியன் பண்டல் ஏற்றி அவிநாசி, புளியம்பட்டி, சத்தியமங்கலம் வழியாக மைசூர் போகிற நடைதான் எனக்குப் பிடித்தது. பண்ணாரியில் நிற்காமல் எந்த வண்டியும் மேலே ஏறாது. அம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துவிட்டு, கேபினில் இருக்கிற கேன் எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்வார்கள். அங்கிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு.

மலையில் லாரி ஏன் கொதிக்கிறது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. டீசல் எரிந்து வருகிற சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ரேடியேட்டர்தான் வெளியே தள்ள வேண்டும். சமவெளியில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கிற வண்டிக்கு எதிர்க்காற்று ஏது? ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான். இன்ஜினோ முழு மூச்சில் எரிந்துகொண்டிருக்கும். போதாததற்கு, மேலே ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். மூடி சரியாக இருந்து ரேடியேட்டருக்குள் அழுத்தம் நின்றால் அது 110 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். அன்றைக்குப் பாதி வண்டிகளில் மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்து, துணி சுற்றி இறுக்கி வைத்திருப்பார்கள். துணிக்கு அழுத்தம் நிற்குமா?

மாமாவின் வண்டியில் சூடு காட்டும் மீட்டர் என்னைக்கோ செத்துப்போயிருந்தது. அவருக்கு மூக்கும் காதும் போதும். ஒரு வளைவில் திரும்பும்போதே, "கண்ணு, வண்டி மூச்சு மாறுது, கேனை எடு" என்பார். மேடான இடம் பார்த்து ஓரம் கட்டுவார். ஆனால் இன்ஜினை உடனே அணைக்க மாட்டார். தண்ணீர் அடியோடு போய்விட்டால் மட்டுமே அணைப்பு. இல்லையென்றால் லேசாக ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி ஓடவிடுவார், ஃபேனும் பம்பும் சுற்றிச் சூட்டை இறக்கட்டும் என்று. ஆவி அடங்கினபிறகு ஈரச்சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்றுத் திருகி நிறுத்துவார். சீறல் அடங்கட்டும். பிறகுதான் முழுசாகத் திறப்பார். இன்ஜின் ஓட ஓட, நூல்போலத் தண்ணீரை ஊற்றுவார். சூடாக இருக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் குடம் குடமாகக் கவிழ்த்தால் சிலிண்டர் ஹெட் வெடித்துப் போகும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது. கை வெந்த கிளீனர்களும் முகம் வெந்த கிளீனர்களும் அன்றைக்கு எல்லா லாரி ஸ்டாண்டிலும் இருந்தார்கள். அந்தப் பையன்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

காரணம் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ரேடியேட்டர் பாய். பெயர் எல்லாருக்கும் மறந்தே போய்விட்டது, பாய் என்றால் அவர்தான். தகரக் கூரை, ஒரு கரி அடுப்பு, ஈயப் பற்று வைக்கிற செப்புச் சூட்டுக்கோல், ஆசிட் ஜாடி, பெரிய தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் பட்டறை.

காமெட்டின் ரேடியேட்டரை அவர் பிரித்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். முதலில் மேல்தொட்டியைச் சுற்றியிருந்த ஈயப்பற்றைச் சூடு காட்டி இளக்கினார். பித்தளைத் தொட்டி தனியாக வந்தது. உள்ளே வரிசை வரிசையாகத் தட்டைக் குழாய்களின் வாய்கள். திறந்திருக்க வேண்டிய அந்த வாய்களில் பாதிக்கு மேல் சாம்பல் கலந்த வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. வெந்நீர் போடுகிற அண்டாவின் அடியில் படியுமே, அதே மாதிரி. பாய் மெல்லிய தட்டைக் கம்பி ஒன்றை எடுத்து ஒரு குழாய்க்குள் விட்டார். பாதியில் நின்றது. இழுத்து, தட்டி, மறுபடி விட்டார். கீழ்ப்பக்கம் சுண்ணாம்புத் தூளும் துருவும் உதிர்ந்தன. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"எந்த ஊர்த் தண்ணிங்க இது?" என்றார் மாமாவிடம்.

"வழியில கெடைக்கிறது தானுங் பாய். பாதி நம்மூர்ல புடிக்கிறது."

"நம்மூருத் தண்ணி முன்னெல்லாம் வெள்ளையாத்தான் படியும். இப்பப் பாருங்க, வெள்ளைக்கு அடியில செவப்பு. உப்பு ஏறிருச்சு. பித்தளையும் இரும்பும் சேந்து கரையுது. இனி வருஷத்துக்கு ஒருக்கா எங்கிட்ட வரணும் நீங்க."

தனக்கு வருமானம் கூடும் செய்தியைச் சொல்கிற முகமாக அது இல்லை. ஊருக்கு ஏதோ ஆகிறது என்ற கவலை அவர் குரலில் இருந்தது. நொய்யல் ஆற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியவர்கள் பின்னால் சொன்னதை, பாய் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். நொய்யல் பற்றிப் பேசுகிற யாரும் ரேடியேட்டர் பட்டறையில் விசாரித்ததாக எனக்குத் தெரியவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

கொங்கு மண்ணில் சுண்ணாம்புக்கல் அதிகம். கிணற்றுத் தண்ணீர் இயல்பிலேயே கடினம். அதைச் சூடாக்கினால் கால்சியம் பிரிந்து குழாயின் உள்சுவரில் ஒட்டும். இந்தப் படிவு வழியாகச் சூடு கடப்பது பித்தளையைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் மில்லிமீட்டர் கனத்தில் படிந்தாலும் ரேடியேட்டர் பாதி செத்த மாதிரிதான். அந்தப் பழைய சங்கடத்தின்மேல்தான் சாயத் தொழில் வந்து ஏறியது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், கிலோ கணக்கில் வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு தண்ணீரோடு போகும். அது நொய்யலில் இறங்கி, மண்ணில் இறங்கி, கிணற்றுக்கும் போருக்கும் திரும்ப வந்தது. விவசாயத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குகிற குட்டை ஆயிற்று. குடிதண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆற்றோரத்துப் போர்கள் பலவற்றில் அந்த 2,000-உம் தாண்டிவிட்டது. சுண்ணாம்பு குழாயை அடைத்தது, உப்பில் இருக்கிற குளோரைடு உலோகத்தைத் தின்றது. பாய் சொன்ன வெள்ளைக்கு அடியில் சிவப்பு என்பது இதுதான்.

சாயப்பட்டறைகளுக்கு உள்ளூர்த் தண்ணீர் உதவாமல் போனதால்தான் தண்ணி லாரிகளே பெருகின. பட்டறைக்குத் தள்ளித் தள்ளி, நல்ல தண்ணீர் இருக்கிற கிராமம் தேடிப் போனார்கள். உப்பு குறைந்தாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு இருந்தது. லாரிக்காரரோ தன் ரேடியேட்டருக்கு டேங்கிலிருந்தோ வழியிலோ கைக்குக் கிடைத்ததை ஊற்றினார். துணிக்கு நல்ல தண்ணீர், வண்டிக்கு எந்தத் தண்ணீரானாலும் சரி என்பதுதான் அன்றைய கணக்கு.

கொதிக்கிற வண்டிக்கு அன்று நடந்த வைத்தியங்களையும் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவார்கள். ஓட்டையை அடைக்கும், நிஜம்தான். நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும். இன்னொரு வைத்தியம், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைத்து, எழுபது எண்பது டிகிரிக்கு மேல் திறந்துவிடுகிற சின்ன வால்வு அது. உள்ளே இருக்கிற மெழுகு சூட்டில் விரிந்து திறக்கும். அது மூடியபடி சிக்கிக்கொண்டால் வண்டி கொதிக்கும். அதனால் மெக்கானிக்குகள் அதைச் சந்தேகத்தின்பேரிலேயே கழற்றிவிடுவார்கள். கழற்றிய வண்டி சூடே ஏறாமல் ஓடும். டீசல் அதிகம் குடிக்கும், கரும்புகை விடும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். மார்கழி விடியலில் அப்படிப்பட்ட லாரிகள் ரேடியேட்டர் முன்னால் அட்டைப்பெட்டியைச் செருகிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். சூட்டைக் காக்கும் வால்வைக் கழற்றிவிட்டு, சூடு வரட்டும் என்று அட்டை கட்டி ஓட்டினார்கள்.

இப்போது எங்கள் அக்கா மகன் புது வண்டி வைத்திருக்கிறான். 2020 ஏப்ரல் முதல் விற்கிற பாரத் ஸ்டேஜ் ஆறு வண்டி. அதன் ரேடியேட்டர் அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். இன்ஜின் சூடு ஏறினால் கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடுகிறது. டிரைவர் கவனிக்கும் முன்னால் முதலாளியின் செல்போனில் எச்சரிக்கை வந்து விழுகிறது. பண்ணாரியில் நின்று கேன் நிரப்புவது கிடையாது. திம்பத்தில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்கே தடை, அதனால் பகலில் ஏறுகிறார்கள், நிற்காமல் ஏறுகிறார்கள். மாமா இருந்து பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைப்பேன். பையன்கள் கை வேகாமல் தொழில் கற்றுக்கொள்கிறார்கள். அது பெரிய முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் திருப்பூரின் சரக்கை உண்மையில் நகர்த்துவது இன்னும் பழைய வண்டிகள்தான். நிட்டிங்கிலிருந்து துணி ரோலைச் சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, பிறகு கட்டிங்குக்கு, பிரிண்டிங்குக்கு என்று ஒரு பனியன் தைத்து முடியும் முன் ஊருக்குள்ளேயே பல தடவை வண்டி ஏறி இறங்குகிறது. இந்த வேலைக்குப் புது வண்டி கட்டுப்படியாகாது. 1986-ல் வந்த டாடா 407 வகையறாவும் அதன் தம்பிகளும்தான் இந்தக் குட்டிக் குட்டி நடைகளைத் தூக்கிச் சுமக்கின்றன. எங்கள் வண்டியும் அதில் ஒன்று. இந்த வண்டிகளின் கொதிப்பு மாமா காலத்துக் கொதிப்பு இல்லை. இது வேறு.

போன கோடையில் டிரைவர் தம்பி வந்து, "வண்டி ஹீட் ஆகுதுங்ணா, வாட்டர் பம்ப் போச்சுன்னு மெக்கானிக் சொல்றாரு" என்றார். எனக்குப் பாய் கற்றுக்கொடுத்த கேள்வி ஒன்று உண்டு. அதைத்தான் முதலில் கேட்டேன்.

"எங்க போகையில ஹீட் ஆகுது? நிக்கையிலயா, ஓடையிலயா?"

"குமரன் ரோட்டுல சிக்குனா ஏறுதுங்ணா. பல்லடம் ரோட்டுல போனா இறங்கிருது."

பாதி விடை அதிலேயே இருக்கிறது. நின்றால் ஏறி, ஓடினால் இறங்கும் சூடு காற்றுக் குறையால் வருவது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ஃபேன் செய்யாத வேலையைச் செய்துவிடுகிறது. தண்ணீர் சுற்றுவதில் கோளாறு என்றால் நேர்மாறாக நடக்கும். சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது, பாரத்தோடு வேகம் பிடித்தால் ஏறும். குழாய் அடைப்பு, பம்ப் இறக்கை தேய்வு, கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்வது எல்லாம் அந்த வகை. கீழ் ஹோஸைச் சும்மா அமுக்கிப் பார்த்தால் தெரியாது. ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் அது சப்பையாகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் போயிருந்தால் பெரும்பாலும் அதன் அடியில் இருக்கிற சின்னத் துளையில் கசிவு காட்டும், கழுத்து ஆடும். எங்கள் வண்டியில் கசிவும் இல்லை, ஆட்டமும் இல்லை.

அதனால் காற்று வரும் பாதையைப் பார்த்தேன். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அமுக்கினேன். அரை அங்குலம் போல இறங்க வேண்டியது அதற்கு மேலேயே போனது. பக்கங்கள் கண்ணாடிபோல மினுமினுத்தன. வழுக்குகிற பெல்ட். சரி, அது ஒன்று. ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூண்டைக் காணோம். முன்பு எப்போதோ வேலை பார்த்தவர் கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருக்கிறார். அந்தக் கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்திலிருந்து சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். இது இரண்டு. மூன்றாவதுதான் திருப்பூருக்கே உரியது.

ரேடியேட்டரின் முகத்தைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்தது. டார்ச்சைப் பின்பக்கம் பிடிக்கச் சொல்லி முன்பக்கமிருந்து பார்த்தேன். வெளிச்சம் மேல் ஓரத்தில் மட்டும் வந்தது. மற்ற இடம் எல்லாம் இருட்டு. பஞ்சு. நிட்டிங் மிஷினில் பறக்கிற பஞ்சு, கட்டிங் வேஸ்ட்டின் தூசி, துணி ரோலின் ரோமம் எல்லாம் ரோட்டுத் தூளோடும் இன்ஜின் ஆயில் ஆவியோடும் சேர்ந்து மடிப்புத் தகடுகளுக்கு நடுவே கம்பளியாக அடைந்து கிடந்தன. கம்ப்ரசர் பைப்பை எடுத்து முன்பக்கமிருந்து அடித்தால் அது இன்னும் உள்ளே இறுகும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தகடுகள் மடங்கிவிடும். அடித்தோம். சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பஞ்சு வந்து விழுந்தது. டிரைவர் தம்பி கையில் எடுத்துப் பார்த்து, "இதுல ஒரு பனியனே பின்னிரலாம் போலிருக்குங்ணா" என்றார். பெல்ட் மாற்றி, தகரக் கூண்டு செய்து மாட்டியபின் குமரன் ரோட்டில் எத்தனை நேரம் நின்றாலும் முள் நடுவைத் தாண்டுவதில்லை. வாட்டர் பம்ப் இன்றும் பழையதுதான்.

ஆணி வேருக்குப் போகாமல் பாகத்தை மாற்றுகிற பழக்கம் இன்று அதிகமாகிவிட்டது. அன்று பாகம் கிடைக்காது, அதனால் யோசித்தார்கள். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லி இன்ஜினை இறக்குவதற்கு முன் ஒரு காலை நேரம் போதும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். ஆயில் கம்பியை உருவி, ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்டார்ட் ஆன சில நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சந்தேகப்படலாம். தெர்மோஸ்டாட்டையும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்து, எத்தனை டிகிரியில் வாய் திறக்கிறது என்று தெர்மாமீட்டரோடு பார்க்க வேண்டும். இப்போது துப்பாக்கி மாதிரி ஒரு சூடு பார்க்கும் கருவி கொஞ்சப் பணத்துக்கே கிடைக்கிறது. ரேடியேட்டரின் முகம் முழுக்க அதைக் காட்டிக்கொண்டே போனால், நடுவில் எங்கே குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பாய் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் செய்த வேலை அது.

இனி தண்ணீர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை இந்த ஊர் மறக்காது. தண்ணி லாரிகள் வரிசையாக நின்றுபோயின. டிரைவர்கள் டேங்க்குக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். தொழில் படுத்தது, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. பிறகு கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடுதான் பட்டறைகள் திறந்தன. இன்று அருள்புரத்திலும் வீரபாண்டியிலும் இருக்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாயத் தண்ணீரை எடுத்து, உப்பைப் பிரித்து, பெரும்பகுதித் தண்ணீரை மீட்டுப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன. பவானிப் பக்கமிருந்து 2005 வாக்கிலேயே குழாயில் தண்ணீரும் வர ஆரம்பித்திருந்தது. தோட்டத்துக் கிணற்றைத் தேடி ஓடின லாரிகளின் காலம் அப்படித்தான் சுருங்கியது.

நடந்திருப்பதைப் பாருங்கள். ஊர்த் தண்ணீரையே கெடுத்தது என்று பெயர் வாங்கிய சாயப்பட்டறையில் இன்று உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் ஓடுகிறது. பட்டறைக்கு வெளியே வீட்டுப் போரில் இன்னும் உப்பு. பட்டறைக்குத் துணி கொண்டுபோகும் டிரைவர்கள் அங்கிருந்து கேனில் தண்ணீர் பிடித்து ரேடியேட்டருக்கு வைத்துக்கொள்கிறார்கள். நானும் அதைத்தான் வாங்கிக்கொள்கிறேன். ஒரு காலத்தில் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரை லாரி கொண்டுபோய்க் கொடுத்தது, இப்போது லாரிக்குப் பட்டறை ஐந்து லிட்டர் திருப்பிக் கொடுக்கிறது. நொய்யல் முழுசாகத் தேறவில்லை, நிலத்தில் இறங்கிய உப்பு சீக்கிரம் போகாது. ஆனாலும் அந்தக் கேனைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வருகிறது.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் போதாது. உப்பே இல்லாத தண்ணீர் உலோகத்தை அரிக்கும். கூலன்ட் கலக்க வேண்டும், பாதிக்குப் பாதி. நம்மூரில் என்ன பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறையாமல் இருப்பது அதன் ஒரு குணம்தான். துரு பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை ஏற்றுவதும் அதன் மற்ற குணங்கள், இந்த ஊருக்கு வேண்டியவை அவைதான். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் விடாதீர்கள். அது விஷம், இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கிவிடும். சாக்கடை கடைசியில் நொய்யலுக்குத்தான் போகிறது.

ரேடியேட்டர் பாய் இப்போது இல்லை. அவர் மகன் பட்டறையை வைத்திருக்கிறார். அலுமினிய ரேடியேட்டருக்குப் பற்று வைக்க முடியாது, பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டால் புதுசுதான். அதனால் கரி அடுப்பு வாரத்தில் பாதி நாள் அணைந்தே கிடக்கிறது. பித்தளை ரேடியேட்டர்களை எடைக்கு வாங்குகிற கடைகள் அவர் பட்டறையை விடச் சுறுசுறுப்பாக இருக்கின்றன. பித்தளைக்கும் செம்புக்கும் நல்ல விலை, லாரிக்காரரும் கழற்றிப் போட்டுவிட்டு அலுமினியம் மாட்டிக்கொள்கிறார். கம்பி விட்டுச் சுத்தம் செய்தால் இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய ரேடியேட்டர்கள் அப்படி உருகிப் போகின்றன. பாயின் மகனிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரு பையனும் இல்லை.

பழைய லாரி வைத்திருக்கிற திருப்பூர்க்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கோடை பிறப்பதற்கு முன் ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். போர்த் தண்ணீரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கிளீனர் பையனைச் சூடான மூடியைத் திறக்கச் சொல்லாதீர்கள். பித்தளை ரேடியேட்டரை எடைக்குப் போட முடிவு செய்திருந்தால், அதற்கு முன் ஒருதடவை பற்று வைக்கிற பட்டறை எது திறந்திருக்கிறது என்று விசாரித்து, அங்கே கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டுங்கள்.